முன்சீட்டுச் சாட்சி

யுத்தம் முடிந்த மறு வருஷம், பங்குனி மாதக் கடைசியில், வள்ளித்தாய் ராஜபாளையத்தில் மகளைப் பார்த்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மகளுக்கு இரண்டாவது பேறு. மாமியார் வீட்டிலேயே பிள்ளை பிறந்திருந்தது. பத்து நாள் கூட இருந்து, பத்தியச் சோறு ஆக்கிப் போட்டுவிட்டு, மடியில் ஒரு துணிப்பொட்டலத்தோடு காலை பஸ்ஸில் ஏறினாள்.

அப்போது பெட்ரோல் கிடைக்காது. பஸ் கரியில்தான் ஓடியது. பின்பக்கம் ஒரு பெரிய உருளை. அதில் கண்டக்டர் கரியைப் போட்டுக் கனலவைக்க, அந்தப் புகையில்தான் இன்ஜின் ஓட வேண்டும். ஏற்றம் வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் இறங்க வேண்டாம். டிரைவருக்கு இடது பக்கம், கண்ணாடியை ஒட்டினாற்போல் இருந்த பெஞ்சுதான் பெண்கள் சீட்டு. அன்றைக்கு பஸ்ஸில் வந்த ஒரே பெண் வள்ளித்தாய். பெஞ்சு முழுவதும் அவளுக்குத்தான். எதிரே இருந்த ரோடு முழுவதும்கூட அவளுக்குத்தான்.

டிரைவர் இசக்கிப்பாண்டியை அந்த ரோட்டில் தெரியாதவர்கள் கிடையாது. ராஜபாளையத்தில் மருந்து வாங்கி வரச் சொன்னால் மறக்காமல் வாங்கி வருவான். வயசாளிகள் கை காட்டினால் எந்த இடமானாலும் நிறுத்துவான். வள்ளித்தாயின் புருஷன் தங்கப்பழம் சங்கரன்கோவில் கீழ ரதவீதியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கு வரும் சில்லறைச் சாமான்களும் இவன் பஸ்ஸில்தான் வரும்.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ஒரு மைல் இருக்கும். ரோட்டின் இடது ஓரமாக, எருக் குப்பை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி முன்னே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் கண் மூடித் திறக்கிற நேரம்தான். பஸ்ஸின் இடது முனை வண்டியின் சக்கரத்தில் இடித்தது. வண்டி குடை சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. பஸ் குலுங்கி நின்றது. வள்ளித்தாய் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்ததால் விழவில்லை.

எல்லாரும் இறங்கி ஓடினார்கள். வண்டிக்காரன் வேல்சாமி கரிவலத்து ஆள். கால் எலும்பு முறிந்து, எருக் குவியலுக்கு நடுவில் கிடந்தான். மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிரே வந்த ஒரு கூண்டு வண்டியில் அவனைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பஸ்ஸின் முன்பக்கம் நசுங்கித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து வேறு பஸ் வரும்வரை பிரயாணிகள் பதினாலு பேரும் ஒரு வாகை மர நிழலில் உட்கார்ந்தார்கள்.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற அய்யாத்துரைதான் முதலில் பேசினார். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் வந்தவர்.

"நான் பாத்துக்கிட்டேதான் வாரேன். இந்த வலத்து மாடு, செவலை, திடீர்னு ரோட்டுக்குள்ள திரும்பிச்சி பாருங்க. டிரைவர் என்ன செய்வான் பாவம்?"

"ஆமா அண்ணாச்சி. பஸ் சத்தம் கேட்டு மிரண்டிருக்கும்" என்றார் ஒருவர்.

"மிரண்டுதான் திரும்பிச்சி. நானும் பாத்தேன்" என்றார் இன்னொருவர்.

வள்ளித்தாய் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். "வண்டி ஓரமாத்தான போச்சு?" என்று மெதுவாகச் சொன்னாள். சொன்னது கேள்வி மாதிரி ஆகிவிட்டது.

அய்யாத்துரை அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. தங்கமான மனுஷர். "ஓரமாத்தாம்மா போச்சு. கடைசி நிமிஷத்துலதான் திரும்பிச்சி. நீ மடியில பொட்டலத்தக் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்திருப்பே."

அவள் பொட்டலத்தைக் குனிந்து பார்த்தது உண்மைதான். முடிச்சு அவிழ்ந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்தாள். ஆனால் அது எப்போது? கரிவலத்தில் பஸ் நின்றபோதா, அதற்கப்புறமா? யோசிக்க யோசிக்கப் பிடி கிடைக்கவில்லை.

அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் செவலை மாடு ஏழெட்டுத் தடவை திரும்பிவிட்டது. ஒருவர் அதன் கழுத்து மணிச் சத்தம் கேட்டது என்றார். இன்னொருவர் வண்டிக்காரன் தூங்கி வழிந்தான் என்றார். இசக்கிப்பாண்டி வாயே திறக்காமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் முதுகில் தட்டி, "உன் மேல தப்பு இல்லைலே, நாங்க இத்தன பேரு இருக்கோம்லா" என்றார்கள். வள்ளித்தாய்க்கும் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாரும் ஒன்று சொல்லும்போது நாம் மட்டும் இல்லை என்றால், மனசுக்குள் ஏதோ ஒன்று கரகரக்கிறது. ஆமாம் என்று தலையாட்டியதும் அந்தக் கரகரப்பு நின்றுபோகிறது. அவளும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லும்போது, "வலத்து மாடு மிரண்டு திரும்பிருச்சு" என்றுதான் சொன்னாள். சொல்லும்போதே கண்ணுக்கு முன்னால் அது தெரிந்தது. செவலை மாடு, திரும்பும் கழுத்து, சாயும் வண்டி. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்து ஏட்டு கடைக்கே வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார். அவரிடமும் அதையே சொன்னாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எல்லாரிடமும் சொன்னாள். சித்திரை பாதி ஆவதற்குள் இருபது முப்பது தடவை சொல்லியிருப்பாள். மாட்டின் வாயில் நுரை இருந்ததுகூட ஞாபகம் வந்துவிட்டது.

வேல்சாமி, டிரைவர் மேல் பிராது கொடுத்திருந்தான். வண்டி ஓரமாகப் போனது, பஸ்தான் ஓரத்துக்கு வந்து இடித்தது என்று. அவன் பக்கம் பேச அவனைத் தவிர யாரும் இல்லை. பஸ் முதலாளி வக்கீல் வைத்தார். பிரயாணிகள் நாலு பேரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். முன்சீட்டில் இருந்தவள் என்பதால் வள்ளித்தாய்தான் முக்கியமான சாட்சி. வைகாசி பிறந்ததும் வாய்தா.

சாட்சி சொல்லப் போவதற்கு ஒரு வாரம் முன்பு, இளையரசனேந்தலிலிருந்து இசக்கியம்மாள் என்றொருத்தி கருப்பட்டி வாங்க வந்தாள். வெயில் தாழட்டும் என்று கடையில் உட்கார்ந்தவள், பஸ் கதையைக் கேட்டாள். அவள் பஸ்ஸில் ஏறியதே கிடையாது. அதனால் ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டாள்.

"மாடு திரும்பும்போது நீங்க எங்கன இருந்தீய?"

"முன்னாலதான். டிரைவருக்குப் பக்கத்துல."

"அப்ப மாடு ஒங்க கண்ணுக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்? பக்கத்துலயா, தள்ளியா?"

வள்ளித்தாய் பதில் சொல்லக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். படம் உடனே வந்தது. செவலை மாடு தூரத்தில், சின்னதாக, இரண்டு வரிசைத் தலைகளுக்கு நடுவில் தெரிந்தது. ஒரு தலையில் சிவப்புத் துண்டு. அதற்கும் முன்னால் ஒரு பெண்ணின் பின்கொண்டை. அரக்குச் சேலை. மடியில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அது அவளேதான்.

அவள் கை தானாகவே பின்கொண்டைக்குப் போயிற்று. தன் கொண்டையைத் தானே எப்படிப் பின்னால் இருந்து பார்க்க முடியும்? அவளுக்கு முன்னால் யார் தலையும் இல்லை, கண்ணாடிதான் இருந்தது. அந்தப் படம் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையிலிருந்து பார்த்த படம். அய்யாத்துரை அண்ணாச்சி சொல்லச் சொல்லக் கேட்டு, அவர் உட்கார்ந்த இடத்திலேயே தானும் போய் உட்கார்ந்து பார்த்த படம்.

"என்னக்கா, ஒரு மாதிரி ஆயிட்டிய?" என்றாள் இசக்கியம்மாள்.

"ஒண்ணுமில்ல தாயி. வெயிலு."

அவள் போனபிறகு வள்ளித்தாய் கடைக்குள்ளே, கருப்பட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தன் இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்று தேடினாள். எளிதில் வரவில்லை. செவலை மாடு குறுக்கே வந்து வந்து நின்றது. அதை விலக்கிவிட்டு, மாட்டை நினைக்காமல், பஸ்ஸுக்குள் பக்கத்தில் என்ன இருந்தது என்று நினைத்தாள். கண்ணாடியின் மூலையில் இருந்த கீறல் வந்தது. கரி வாடை வந்தது. அப்புறம் இசக்கிப்பாண்டியின் முகம் வந்தது. முழு முகம். நெற்றியில் திருநீறு, இரண்டு கண்ணும், மீசையின் இரண்டு முனையும்.

ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவனின் பாதி முகம்தானே பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியும்? அவன் இவள் பக்கமாகத் திரும்பி, பின்னால் நின்ற கண்டக்டரிடம் "கரி போட்டியாலே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பதறிப்போய் முன்னால் பார்த்தாள். வண்டியின் பின்பலகை கிட்டத்தில், மிகக் கிட்டத்தில், இடது ஓரத்தில் இருந்தது. கம்பியைப் பிடித்தாள். அப்புறம்தான் இடித்தது.

அன்று சாயங்காலம் தங்கப்பழத்திடம் சொன்னாள்.

"மாடு திரும்பலங்க. அந்தத் தம்பிதான் பின்னால திரும்பிப் பேசிட்டிருந்துச்சி."

தங்கப்பழம் கையிலிருந்த ஓலைப்பெட்டியைக் கீழே வைத்தார். "ஏட்டி, ஏட்டுகிட்ட என்ன சொன்னே?"

"மாடு திரும்பிச்சின்னு சொன்னேன்."

"அப்ப எது நெசம்?"

"இதுதான் நெசம். அதும் பொய் இல்ல. அன்னைக்கு அப்பிடித்தான் எனக்குத் தெரிஞ்சது."

அவர் ஓலைப்பெட்டியின் மூடியை எடுத்துச் சாத்தினார். பிறகு சொன்னார்: "பதிமூணு பேரு ஒண்ணு சொல்லுதாக. நீ ஒருத்தி வேற சொல்லுதே. பதிமூணு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? நல்லா நெனச்சுப் பாரு. இசக்கிப்பாண்டி நம்ம பய மாதிரி. நாளைக்கு அவன் முகத்துல எப்பிடி முழிக்க?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவளும் அதையேதான் யோசித்தாள். பதிமூன்று பேருக்குத் தெரிந்தது நமக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? அந்த வாரம் முழுவதும் இரண்டு படமும் மாறி மாறி வந்தன. தெருவில் யாராவது கேஸைப் பற்றிப் பேசிவிட்டுப் போனால் செவலை மாடு பளிச்சென்று தெரியும். தனியே இருந்தால் டிரைவரின் முழு முகம் தெரியும்.

வாய்தா அன்று தங்கப்பழமும் கூட வந்தார். சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் வராந்தாவில் அய்யாத்துரை, ஜவுளி தலைச்சுமையாக விற்கும் மன்சூர் அலி, இன்னொருவர் எல்லாரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். வேல்சாமி ஒரு கவைக்கம்பை ஊன்றித் தனியாக ஒரு தூண் பக்கம் நின்றான். இசக்கிப்பாண்டி வேஷ்டி சட்டையில் வேறு ஆள் மாதிரி இருந்தான்.

"வாம்மா வள்ளித்தாயி. பயப்படாத. பாத்தத அப்பிடியே சொல்லு" என்று அய்யாத்துரை உட்கார இடம் கொடுத்தார். பிறகு எல்லாரும் கேட்க மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "கரிவலம் தாண்டி ஒரு மைல். வலத்து மாடு..."

வள்ளித்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லச் சொல்ல, டிரைவரின் முகம் மங்கத் தொடங்கியது. பாதி முகம் ஆயிற்று. அதற்கப்பால் செவலை மாடு கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தது. தலையை ஆட்டிவிடலாம் போல இருந்தது. ஆட்டிவிட்டால் எவ்வளவு நிம்மதி!

அவள் எழுந்தாள். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வராந்தாவை விட்டு இறங்கினாள். கட்டடத்தின் பின்பக்கம், பேச்சுச் சத்தம் எட்டாத இடத்தில், சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து நின்றாள். கண்ணாடியின் கீறலை நினைத்தாள். கரி வாடையை நினைத்தாள். பேரைக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றாள்.

கூண்டில் ஏறியதும் பஸ் முதலாளியின் வக்கீல் சிரித்த முகத்தோடு கேட்டார்: "அம்மா, நீங்க முன்சீட்டுல இருந்தீங்க. வண்டி எப்படிப் போச்சு, மாடு என்ன செஞ்சுது, கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

"வண்டி ஓரமாத்தான் போச்சுங்க. மாடு ஒண்ணும் செய்யல. டிரைவர் தம்பி பின்னால திரும்பிக் கண்டக்டர்கிட்ட பேசிட்டிருந்துச்சி. பஸ்தான் ஓரத்துக்குப் போய் இடிச்சிது."

வக்கீலின் சிரிப்பு போய்விட்டது. காகிதத்தைப் புரட்டினார். "போலீஸ்ல நீங்க சொன்னது வேற. மாடு திரும்பிச்சுன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா?"

"ரெண்டும் பொய் இல்லங்க."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். நரைத்த மனிதர். "நிதானமாச் சொல்லும்மா" என்றார்.

வள்ளித்தாய் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு மரத்தடியில எல்லாரும் மாடு திரும்பிச்சின்னு சொன்னாக. இத்தன பேரு சொல்லுதாகளே, நான்தான் சரியா பாக்கலன்னு நெனச்சேன். அப்புறம் எனக்கே அப்பிடித் தெரிய ஆரம்பிச்சிட்டு. நெசமாவே தெரிஞ்சது சாமி, இந்தக் கூண்டு தெரியுத மாதிரி. ஆனா அந்த நெனப்புல என் கொண்ட எனக்கே தெரியுது. நான் முன்னால இருந்தவ. என் பின்னந்தலைய நான் எப்பிடிப் பாத்திருக்க முடியும்? அது நான் பாத்தது இல்ல. அடுத்தவுக சொல்லி என் மனசு எழுதிக்கிட்டது. நான் பாத்தது டிரைவர் தம்பி முகத்த. அவுக யாரும் வேணுமின்னு சொல்லல. நானும் வேணுமின்னு சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் அவளை மறுபடியும் சொல்லச் சொல்லி, பேனாவால் தானே எழுதிக்கொண்டார்.

அடுத்த சாட்சி மன்சூர் அலி. ஜன்னல் திறந்திருந்ததால் வராந்தாவில் எல்லாம் கேட்டிருந்தது. கூண்டில் ஏறி அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன பாய், மாடு திரும்பிச்சா இல்லையா?"

"எனக்குத் தெரியாதுங்க. என் முன்னால ஜவுளி மூட்டை இருந்துச்சு. எனக்கு ரோடே தெரியல. எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். இப்ப அந்த அம்மா சொன்ன பொறவுதான் யோசிக்கேன். நான் ஒண்ணுமே பாக்கல."

அய்யாத்துரை கடைசிவரை மாடு திரும்பியது என்றுதான் சொன்னார். நூறு தடவை கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அவருக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. இசக்கிப்பாண்டிக்கு அபராதம்; ஆறு மாதம் பஸ் ஓட்டக் கூடாது. வேல்சாமியின் வைத்தியச் செலவைப் பஸ் முதலாளி ஏற்றுக்கொண்டார்.

கீழ ரதவீதியில் சிலர் வள்ளித்தாயிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அய்யாத்துரை வேறு கடைக்குப் போனார். கடைக்கு வரும் சாமான்களை ஏற்றப் பஸ்காரர்கள் மறுத்தார்கள். தங்கப்பழம் வாடகை வண்டி பிடித்தார். ஒரு நாளும் அவளைக் குத்திக் காட்டவில்லை. ஆனால் சாப்பிடும்போது முன்பு மாதிரி பேசவும் இல்லை. ஆடி மாதம் ஒரு நாள், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் கொண்ட விஷயத்த மட்டும் இன்னொருக்காச் சொல்லு." அவள் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "எனக்கும் அந்த மாடு தெரியுதுட்டி. நான் அந்த பஸ்ஸுலயே இல்ல" என்றார். அதற்கப்புறம் வழக்கம்போலப் பேசினார்.

புரட்டாசியில் இசக்கிப்பாண்டி கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். அரவை மில்லில் இன்ஜின் பார்க்கும் வேலை செய்வதாகச் சொன்னான். வள்ளித்தாய் பெஞ்சைத் துடைத்துவிட்டாள்.

"தம்பி, என் மேல வருத்தம் இருக்கும்."

"இருந்துச்சிக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன்." அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "அன்னைக்கு மரத்தடியில நான் ஏன் வாயத் தொறக்கல தெரியுமா? எனக்கு ஒண்ணுமே தெரியாது. திரும்பித்தான் இருந்தேன். என்ன இடிச்சிதுன்னே இடிச்ச பொறவுதான் தெரியும். அப்ப அண்ணாச்சி மாடு திரும்பிச்சின்னு சொன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சி. ஒரு வாரத்துல நான் ரோட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்னு நானே சத்தியம் பண்ணுத அளவுக்கு ஆயிட்டேன். வீட்டுல, வக்கீல்கிட்ட, சாமிகிட்டகூட அப்பிடித்தான் சொன்னேன். கூண்டுல நீங்க 'கரி போட்டியாலே'ன்னு நான் கேட்டதச் சொல்லலை பாருங்க, ஆனா நீங்க பேசும்போது அது எனக்கே காதுல கேட்டுச்சி."

"அந்தச் சொல்லு எனக்கும் ஞாபகம் இருக்கு தம்பி. அதச் சொல்லணும்னு அப்ப தோணல."

"வேல்சாமியப் போய்ப் பாத்தேன். நடக்கான். கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கான்."

"என்ன சொன்னாரு?"

"திட்டினான். பொறவு மோர் குடுத்தான்."

தெருவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிடும், ஆனால் அதே முதலாளி எடுப்பாரா என்று தெரியாது, திருநெல்வேலிப் பக்கம் கேட்டிருக்கிறேன் என்றான். அவள் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து எடுத்து, ஓலையில் கட்டி, பிள்ளைகளுக்குக் கொண்டுபோ என்று கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த வள்ளித்தாய், உள்ளே திரும்பி, "ஏங்க, இசக்கிப்பாண்டி வந்துட்டுப் போகுது" என்று சத்தமாகவே சொன்னாள். வைகாசியிலிருந்து அவளிடம் பேசாமல் இருந்த பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.